கீழ்வீட்டு லேண்ட்லைன்

மார்ச் 2, ஞாயிறு

இனிமேல் என் கைப்பேசி எண்ணை எந்தக் கடைக்கும் கொடுப்பதில்லை. கோயிலில் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே தீர்மானம் எடுத்துவிட்டேன். பிரசங்கம் வேறு எதைப் பற்றியோ.

கிறிஸ்மஸுக்கு ஜவுளி எடுத்த கடையில் குலுக்கல் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். பரிசு ஒரு கிரைண்டர். பெயர், வயது, எண் எல்லாம் எழுதிப் போட்டேன். கிரைண்டர் வரவில்லை. மற்றவர்கள் எல்லாரும் வந்தார்கள். கடன் தருகிறவர்கள், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மனை விற்கிறவர்கள், முழங்கால் வலிக்கு எண்ணெய் விற்கிறவர்கள். ஒருத்தி என்னை 'ஆன்ட்டி' என்றாள். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. வேறு சிலரும் கூப்பிட்டார்கள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜனவரியில் எண்ணையே மாற்றிவிட்டேன். புது எண் நாகர்கோவிலில் இருக்கும் ரூபி அக்காவுக்கும், தலைமையாசிரியைக்கும், முத்துலட்சுமி டீச்சருக்கும், வங்கிக்கும்தான் தெரியும். இப்போது போன் அடிப்பதே இல்லை. நிம்மதியாக இருக்கிறது. சில நாள் சாயங்காலம் சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்துப் பார்க்கிறேன். இருக்கிறது.

மார்ச் 5

தேர்தல் பணி ஆணை வந்துவிட்டது. விரலில் மை வைக்கும் வேலை. எந்த ஊர் என்று கடைசியில்தான் சொல்வார்கள். முந்தின நாளே போய் இரவு அங்கேயே தங்க வேண்டும். ஆசிரியைகள் ஓய்வறையில் ஒரே புலம்பல். கழிப்பறை இருக்குமா, கொசு இருக்குமா, பல்லி இருக்குமா என்று.

எனக்குக் கொசுவும் பல்லியும் பொருட்டில்லை. என் கவலை வேறு. அதை எழுதப் போவதில்லை.

மார்ச் 6

எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்.

போன கிறிஸ்மஸ் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா மகன் ஜெரின் தன் போனை மேசையில் வைத்து, "சித்தி, இது என்ன சத்தம் சொல்லுங்க பாப்போம்" என்றான். நான் கவனமாகக் கேட்டேன். நான் அறிவியல் ஆசிரியை. ஒலி பாடம் இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறேன்.

"ஆழ்குழாய்க் கிணறு தோண்டுற லாரி" என்றேன். "தூரத்துல நிக்கிது."

அத்தான் சாம்பாரைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அக்கா, "ஏட்டி ஹெப்சி, அது நீதாம்ட்டி" என்றாள்.

மெல்லிய சவ்வு காற்றில் அதிர்ந்தால் ஓசை வரும் என்பதற்கு வகுப்பில் குறட்டையை உதாரணம் சொல்லியிருக்கிறேன். உதாரணமே நான்தான் என்று தெரியாமல்.

இப்போது ஒரு பூத்தில், முன்பின் தெரியாத அரசு ஊழியர்களுக்கு நடுவே நான் படுத்துத் தூங்க வேண்டும்.

மார்ச் 8

மெடிக்கலுக்குப் போனேன். கடைக்காரர் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். "என்ன வேணும் டீச்சர்?" என்றார். பஞ்சு வாங்கி வந்தேன். வீட்டில் இப்போது நிறையப் பஞ்சு இருக்கிறது.

இணையக் கடை ஒன்றில் அந்தப் பொருள் கிடைக்கிறது. மூக்கில் மாட்டிக்கொள்ளும் சின்ன கிளிப். வெளியே தெரியாதாம். வாங்க வேண்டுமானால் கணக்குத் தொடங்க வேண்டும். மின்னஞ்சல் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, அடுத்து கைப்பேசி எண் கேட்டது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுப் பார்த்தேன். சிவப்பாக மாறியது. எனக்கும் பிடிவாதம் உண்டு. கணினியை மூடிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சொந்த எண் இல்லாதவர்களுக்கு இணையத்தில் இனாமாகவே எண் தருகிறார்கள். ஒன்றை எடுத்துப் போட்டேன். அந்த எண்ணுக்கு வரும் ஓடிபி அந்தப் பக்கத்திலேயே தெரிகிறது. அருமையான ஏற்பாடு என்று நினைத்தேன்.

எண்ணையும் ஓடிபியையும் போட்டதும் கடை என்னை, "மீண்டும் வருக, பிரதீப்" என்று வரவேற்றது. பிரதீப் யார் என்று எனக்குத் தெரியாது. போபாலில் இருக்கிறார். நாய்த் தீனி பெரிய மூட்டையாக வாங்கிக் கூடையில் வைத்திருக்கிறார். அவர் வீட்டு முகவரி, தெரு, எதிரே உள்ள கோயில் வரை எல்லாம் எனக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிந்தால் இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும்! இனாம் எண்ணில் ஊரே குடியிருக்கிறது. பதறி மூடிவிட்டு, பிரதீப்புக்காக ஒரு சின்ன ஜெபம் செய்தேன். நாய்க்கும் சேர்த்து.

மார்ச் 11

தனியாக ஒரு சிம் வாங்கிவிடலாம் என்று பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். ஆதார் கேட்டார்கள், கொடுத்தேன். கண்ணை இமைக்கச் சொன்னார்கள், இமைத்தேன். பிறகு அந்தப் பெண், "வேற ஒரு நம்பர் சொல்லுங்க மேடம், அதுக்கு ஓடிபி வரும்" என்றாள்.

"என் நம்பரைக் குடுக்கக் கூடாதுன்னுதானம்மா புது நம்பரே வாங்குதேன்."

"புது நம்பர் வாங்க பழைய நம்பர் வேணும் மேடம்."

அவள் சொன்னது தர்க்கப்படி சரிதான். திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 13

கணக்குத் தொடங்கியாயிற்று.

கடையின் பக்கத்தில் கீழே சிறிய எழுத்தில், 'அழைப்பு மூலம் பெறுக' என்று ஒரு வசதி இருப்பதை இன்றுதான் கவனித்தேன். அப்படியானால் லேண்ட்லைன் போதும். இந்தக் காலத்தில் யார் வீட்டில் இருக்கிறது? கீழே இருக்கிறது. நான் குடியிருக்கும் மாடிக்கு நேர் கீழே ஒரு டிரைவிங் ஸ்கூல். முன்னறை அலுவலகம், பின்பக்கம் அதை நடத்துகிறவரின் வீடு. பெயர் அருமைநாயகம். ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு வயது இருக்கும். மனைவி இறந்துவிட்டார். இரண்டு வருடமாக மேலும் கீழும் குடியிருக்கிறோம். தண்ணீர் மோட்டார் பற்றித் தவிர வேறு பேச்சில்லை.

"அண்ணாச்சி, உங்க போனைக் கொஞ்சம் உபயோகிக்கலாமா?"

"தாராளமா டீச்சர். யாருக்குப் பேசணும்?"

"நான் பேச வேண்டாம். ஒருத்தங்க கூப்பிட்டு ஒரு நம்பர் சொல்லுவாங்க."

"யாரு?"

"மெஷின்."

அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "என் செல்லுக்கே மெசேஜ் வரச் சொல்லலாம்லா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் மெசேஜ் என்றால் நாளைக்கு வாங்கும் பொருளின் பெயரும் அதே செல்லுக்கு வரும். பள்ளிக்கூடத்துக்கு ஏதோ உபகரணம், லேண்ட்லைன்தான் விதி என்று சொல்லி வைத்தேன்.

மணி அடித்தது. பழக்கத்தில் அவரே எடுத்துவிட்டார். "அருமைநாயகம் டிரைவிங் ஸ்கூல், வணக்கம். டூவீலரா, ஃபோர்வீலரா?" மெஷின் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்க, இவர் கட்டணம் சொல்லிக்கொண்டே இருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் முடித்தார்கள். மறுபடி வரவழைத்தேன். இந்த முறை பேசாமல் கேட்டார்.

"ஏதோ பொம்பளப்பிள்ள டீச்சர். இங்கிலீசுல கோவமா நம்பர் சொல்லுது."

"அதான் அண்ணாச்சி! என்ன நம்பர்?"

"நம்மளத் திட்டுதோன்னு பாத்துட்டேன், கவனிக்கல."

மூன்றாவது தடவை, சாலை விதிகள் நடத்தும் கரும்பலகையில், 'வளைவில் முந்தாதே' படத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு எண்ணாக எழுதினார். கணக்குத் திறந்தது. கிளிப்புக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

மார்ச் 14

பாதுகாப்புக்காக நான் ஒவ்வொரு முறையும் கணக்கை மூடிவிடுவதால், பார்சல் எங்கே வருகிறது என்று பார்க்க மறுபடி ஓடிபி தேவைப்பட்டது. கீழே போனேன்.

மார்ச் 15

பார்சல் மதுரையில் இருக்கிறது. கீழே போனேன்.

மார்ச் 16, ஞாயிறு

மதுரையிலேயேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அது நகராது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் உறுதி செய்துகொள்வது நல்லது. டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகம்.

மார்ச் 18

நான் பள்ளியில் இருக்கும்போது பார்சல் வந்துவிட்டது. டெலிவரிக்காரர் கணக்கில் உள்ள எண்ணுக்குத்தான் கூப்பிடுவார், அது கீழேதான் அடிக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அருமைநாயகம் வாங்கி வைத்திருந்தார். பார்சலைச் சுற்றிச் செய்தித்தாள் போட்டு, நூலால் கட்டியிருந்தது.

"தூசி படக்கூடாதுன்னு சுத்தி வச்சேன் டீச்சர்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பொறுப்பான மனிதர். மேலே வந்து செய்தித்தாளைப் பிரித்தால், உள்ளே அட்டைப்பெட்டியின் மேலேயே ஒரு ஆள் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் படம் பெரிதாகப் போட்டிருக்கிறது. நல்ல வேளை, செய்தித்தாள் சுற்றியிருந்தது.

இன்று இரவு மாட்டிக்கொண்டு படுக்கப் போகிறேன்.

மார்ச் 20

ஒரு சிக்கல். கிளிப் வேலை செய்கிறதா இல்லையா என்பது எனக்கு எப்படித் தெரியும்?

எந்தச் சோதனைக்கும் கவனிக்கிறவர் ஒருவர் வேண்டும். தூங்குகிறவரே கவனிக்க முடியாது. நேற்று கைப்பேசியில் பதிவு போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் ஏழு மணி நேரப் பதிவு இருந்தது. ஏழு மணி நேரத்தைக் கேட்க ஏழு மணி நேரம் வேண்டும். விடைத்தாள் திருத்தும் காலம் இது. முதல் அரை மணி கேட்டேன். மின்விசிறி ஓடுகிறது.

பக்கத்தில் ஒருவர் படுத்திருந்தால் ஒரே ராத்திரியில் சொல்லிவிடுவார். நான் பொதுவாகச் சொல்கிறேன்.

மார்ச் 22

குக்கருக்கு கேஸ்கட் வாங்க வேண்டியிருந்தது. எதிர்த்தெருவில் கிடைக்கும். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கும்போது உபயோகிக்காமல் விடுவது சரியில்லை. கீழே போனேன்.

மார்ச் 24

கேஸ்கட் சிறிதாக இருக்கிறது. திருப்பி அனுப்ப ஒரு ஓடிபி, வேறு அளவு வாங்க ஒரு ஓடிபி. மெஷினுக்காகக் காத்திருக்கும்போது ஏதாவது பேச வேண்டியிருக்கிறது. உள்ளே வெக்கை தாங்கவில்லை என்பதால் பின்வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுத்தான் தூங்குகிறாராம். அது நல்லதுதான். கடற்காற்று அந்தப் பக்கம் நன்றாக வரும். நானே அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படுக்கிறேன்.

அவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். சொல் நீளமாக இருக்கிறது.

முத்துலட்சுமி டீச்சர், "என்ன டீச்சர், சேல புதுசா?" என்றாள். பழையதுதான். இஸ்திரி போட்டிருந்தேன்.

மார்ச் 25

இன்று மாலை அக்காவின் போன்.

"ஏட்டி, நம்பர மாத்துனியே, அந்த ஆறுமுகநேரிக்காரர் அஞ்சாறு தடவ கூப்பிட்டுப் பாத்தாராம். உப்புக் கம்பெனில மேனேசர். இனி ஒனக்கு எங்கன போயிட்டி மாப்பிள்ள பாப்பேன்?"

"பாக்கச் சொல்லி நான் கேட்டனாக்கா?"

"ஒனக்கு நாப்பத்தேழு வயசு ஆகுதுட்டி. அப்பாவக் கடைசி வரைக்கும் பாத்து முடிச்சாச்சு. இனி ஒன்ன யாரு பாப்பா?"

எழுத வேண்டியதில்லை என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். டிசம்பரில் என்னைக் கேட்காமலே அக்கா என் எண்ணைத் திருமணத் தகவல் மையம் ஒன்றில் கொடுத்துவிட்டாள். கடன் தருகிறவர்களைச் சமாளித்துவிடலாம். "சமைக்கத் தெரியுமா? பென்சன் வருமா?" என்று கேட்கிறவர்களை என்ன செய்வது? ஒருவர்கூட, 'எப்படி இருக்கீங்க' என்று கேட்கவில்லை.

மார்ச் 27

தெருவில் இன்று பெரிய கலவரம்.

சாயங்காலம் நான் பால் வாங்கிக்கொண்டு வரும்போது டிரைவிங் ஸ்கூல் கார் மெதுவாகப் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டியது வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. பக்கத்து இருக்கையில் அருமைநாயகம். கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மெதுவாக, மிக மரியாதையாக, பின்னாலேயே போய் இளநீர்க்காரரின் குவியலில் ஏறியது. குலை குலையாக இளநீர் தெருவெல்லாம் உருண்டது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "சார், பிரேக்! பிரேக் எங்க சார்?" என்று கத்துகிறார். சார் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. கால் அதன்மேல்தான் இருந்தது. அதுவும் தூங்கியது.

யாருக்கும் அடி இல்லை. அருமைநாயகம் எழுந்து, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, இளநீரைப் பொறுக்கிக் கொடுத்தார். நானும் சிலவற்றைப் பொறுக்கினேன். அவர் கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"என்ன செய்யுது உங்களுக்கு?" என்றேன்.

"தூக்கமே வர மாட்டேங்கு டீச்சர். விடிய விடிய முழிச்சுக் கெடக்கேன்."

"எப்ப இருந்து?"

"பதினெட்டாந்தேதி. உங்க பார்சல் வந்துச்சுலா, அன்னைக்கு ராத்திரில இருந்து."

பார்சலுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? வெயில் ஏற ஆரம்பித்ததும் அந்த வாரம்தான். பாலில் கசகசா போட்டுக் குடிக்கச் சொன்னேன்.

மார்ச் 29

கசகசா கேட்கவில்லையாம். ஜாதிக்காய் சொல்லியிருக்கிறேன். அவருடைய மாணவர்கள் மூன்று பேர் வேறு ஸ்கூலுக்கு மாறிவிட்டார்கள். அந்த வங்கி அம்மா மட்டும், இதைவிட மோசமாக ஒன்றும் நடந்துவிடாது என்று அங்கேயே தொடர்கிறார்.

ஏப்ரல் 1

முட்டாள்கள் தினம். பொருத்தம்தான்.

கேஸ்கட் விஷயமாகக் கீழே போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே போன் அடித்தது. அவர் எடுத்தார். முதுகு என் பக்கம்.

"ஆமாம்மா, இந்த நம்பர்தான். டீச்சர் வாங்குனது. மூக்குல மாட்டுறதுதான? ... நல்லா வேலை செய்யுதான்னா கேக்கிய? ரொம்ப நல்லா செய்யுதும்மா. ரெண்டு வாரமா மேல ஒரு சத்தம் இல்ல. எனக்குத்தான் தூக்கம் போச்சு ... அஞ்சு ஸ்டார் போட்டுக்கோங்க."

திரும்பினார். என்னைப் பார்த்தார்.

நான் மேலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2

ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஏப்ரல் 3

ஜன்னலைச் சாத்தினால் தூத்துக்குடியில் ஏப்ரல் மாதம் எப்படி இருக்கும் என்று எழுத வேண்டியதில்லை. வியர்வையில் கிளிப் வழுக்கி விழுகிறது. பரவாயில்லை.

இரண்டு வருடம்! தினமும் காலையில் படி இறங்கும்போது அந்த மனிதர், "வணக்கம் டீச்சர்" என்று சொல்லியிருக்கிறார். ஆழ்குழாய்க் கிணற்று லாரியைக் கேட்டுவிட்டு வணக்கம் சொல்லியிருக்கிறார். செய்தித்தாள் ஏன் சுற்றினார் என்று இப்போது புரிகிறது. வீடு மாற வேண்டியதுதான்.

ஏப்ரல் 5

இன்று மாலை அவர் மேலே வந்தார். முதல் முறை. கதவுக்கு வெளியே, கடைசிப் படியிலேயே நின்றுகொண்டார். கையில் கேஸ்கட் பார்சல்.

"டீச்சர், நான் செஞ்சது தப்பு. ஒங்க விசயத்த யாருகிட்டயோ போன்ல பேசிட்டேன்."

"தெருவுக்கே தெரியுமா?" என்றேன்.

"சத்தியமா இல்ல. எனக்கு மட்டுந்தான் கேக்கும். காத்து அடிக்குற திசை அப்பிடி."

அவர் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என் வீட்டுக்காரி ஞானசெல்வத்துக்கும் உண்டு டீச்சர். இருவத்தாறு வருசம் அந்தச் சத்தத்துலதான் தூங்குனேன். மொதல்ல சண்ட போட்டிருக்கேன். தலாணிய வச்சு காத மூடியிருக்கேன். அவ போனப்புறம் வீடு அப்பிடியே கப்புன்னு ஆயிட்டு. ஒரு வருசம் எனக்கு ராத்திரின்னா பயம். தூக்க மாத்திர போட்டுக்கிட்டுதான் வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தேன், யாருக்கும் தெரியாது. அப்புறம் நீங்க மாடிக்குக் குடி வந்தீய. அன்னைக்கு ராத்திரி பின்வாசல்ல படுத்தேன். மேல இருந்து சத்தம் வந்துச்சு. தூங்கிட்டேன். மறுநாளு வங்கிக்குப் போகணும், மத்தியானம்தான் எந்திரிச்சேன்."

கீழே யாரோ மோட்டார் போட்டார்கள்.

அவர் இவ்வளவு சொன்னதற்கு நானும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது இவ்வளவுதான்: "அந்த கேஸ்கட் இருபத்திரண்டு சென்டிமீட்டரா?"

"ஆமா டீச்சர். பாத்துட்டேன். சரியான அளவுதான்."

கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் குக்கருக்கு அதை மாட்டிப் பார்த்தேன். பிறகு நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு மாத்திரை கொடுத்து முடித்த பிறகு, என்னால் யாருக்கும் எந்த உபயோகமும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. தூங்கிக்கொண்டே ஒரு மனிதருக்கு உதவியிருக்கிறேன் என்றால் எப்படி எடுத்துக்கொள்வது?

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று இரவு ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுத்தேன். வெக்கைக்காக. கிளிப்பை மாட்ட மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 7

கிளிப்பைக் கழுவிக் காயவைத்திருந்தேன். இரவுக்குள் காயவில்லை.

ஏப்ரல் 8

இன்னும் காயவில்லை. வெயில் நூறு டிகிரி.

ஏப்ரல் 10

வங்கி அம்மா இன்று பின்னால் ஓட்டிக் காரைக் கோடு பிசகாமல் நிறுத்தினார். அருமைநாயகம் கைதட்டினார். இளநீர்க்காரரும் கைதட்டினார். அருமைநாயகத்தின் கண்ணில் சிவப்பு இல்லை. நான் பார்த்தேன் என்றால், பள்ளிக்குப் போகிற வழியில் பார்த்தேன்.

ஏப்ரல் 15

நாளை தேர்தல் பணி. பூத்தில் போனை அணைத்துவைக்கச் சொல்வார்கள். அவசரம் என்றால் கீழ்வீட்டு லேண்ட்லைனில் சொல்லிவை என்று அக்காவுக்கு அந்த எண்ணைக் கொடுத்தேன். "அது யாரு வீடு?" என்றாள். டிரைவிங் ஸ்கூல் என்றேன். "நீ என்னத்துக்குட்டி கார் ஓட்டப் படிக்க?" என்றாள். விளக்குவதற்கு நேரமில்லை.

அவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். "போய்ச் சேந்ததும் ஒரு போன் போடுங்க டீச்சர்" என்றார்.

ஏப்ரல் 16, பூத்தில்

விளாத்திகுளம் தாண்டி ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளி. வந்து சேர்ந்ததும் லேண்ட்லைனுக்குப் போன் செய்தேன். இரண்டு வார்த்தைதான். "வந்துட்டேன்." "சரி டீச்சர். கிளிப்பு எடுத்துக்கிட்டீயளா?" "எடுத்துக்கிட்டேன்." அவ்வளவுதான்.

பழைய லேண்ட்லைனில் கூப்பிடுகிறவர் எண் தெரியாது என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். வைக்கும்போது, "இந்த நம்பர எழுதி வச்சுக்கிடவா?" என்று கேட்டார். தெரிகிறதாம். சரி என்றேன்.

நாங்கள் மூன்று பெண்கள் ஒன்றாம் வகுப்பு அறையில். தலைமை அலுவலர், பொதுப்பணித் துறைப் பொறியாளர், பக்கத்து அறையில்.

ஏப்ரல் 17, காலை

கிளிப்பை மாட்டிக்கொண்டு, போர்வையால் மூக்கை மூடி, சுவர் பக்கம் திரும்பிப் படுத்தேன். விடிந்ததும் மற்ற இருவரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கிளிப் மூக்கில்தான் இருக்கிறதா என்று போர்வைக்குள்ளேயே தடவிப் பார்த்தேன்.

"தூங்கலையா?" என்றேன்.

"எங்க தூங்க! அந்த இன்ஜினியர் விட்ட கொறட்டைல செவுத்துல இருந்த அ, ஆ அட்டையெல்லாம் ஆடிச்சு. உங்க கிட்ட இருந்துதான் ஒரு சத்தமும் இல்ல டீச்சர். பூனை மாதிரி தூங்குனீங்க."

ஒரு சோதனைக்கு இரண்டு சாட்சிகள். கிளிப் வேலை செய்கிறது. ஆறு வாரம் நான் பட்ட பாடு வீண்போகவில்லை. சந்தோஷமாக இருக்க வேண்டும். ஆனால் தூத்துக்குடியில் நேற்று இரவு ஒருவர் தூங்கியிருப்பாரா என்றுதான் நினைப்பு ஓடியது.

வாக்காளர்கள் வந்துவிட்டார்கள். மை பாட்டிலைத் திறக்க வேண்டும்.

ஏப்ரல் 18

பெட்டிகளை ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, எங்களை வெளியே விட்டபோது விடிந்துகொண்டிருந்தது. என் போனில் அக்காவிடமிருந்து தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. வாசலில் 'L' என்று சிவப்பில் எழுதிய கார் நின்றது.

"பஸ் கெடைக்காதுன்னு வந்தேன்" என்றார் அவர். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு இரவாகத் தூங்கவில்லை.

"இந்தக் கண்ண வச்சுக்கிட்டா வண்டி ஓட்டிட்டு வந்தீய?"

"மெதுவாத்தான் வந்தேன். ரெண்டு டீ குடிச்சேன்."

ஏறிக்கொண்டேன். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது ஆறுதலாக இருந்தது. சாலையில் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் கரிசல் காடு. கொஞ்ச தூரம் போன பிறகு, "நேத்து உங்க அக்கா கூப்பிட்டாங்க" என்றார்.

"எதுக்கு?"

"உங்க செல்லு அணஞ்சு கெடக்குன்னு பயந்துட்டாங்க. நான் வெவரம் சொன்னேன். அப்புறம் நான் யாரு, என்ன வயசு, எந்தக் கோயிலு, வீட்ல யாரு இருக்கான்னு எல்லாம் கேட்டாங்க. சொன்னேன். நீங்க தெனமும் கீழ வருவீயன்னு வாய்தவறிச் சொல்லிட்டேன், ஏன்னு கேட்டாங்க. ஓடிபிக்குன்னு சொன்னேன். அவங்க நம்புன மாதிரி தெரியல."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"முக்கா மணி நேரம் பேசுனாங்க. எப்பிடி இருக்கீயன்னு கேட்டாங்க. நல்லாருக்கேன்னேன். கடைசில, ஒரு விசயம் மறைக்கக் கூடாது தம்பி, முதல்லயே சொல்லிட்டா நல்லதுன்னாங்க."

"என்ன விசயம்?"

அவர் தொண்டையைச் செருமினார். "எங்க ஹெப்சி கொறட்ட விடுவா, அத மட்டும் யோசிச்சுக்கோங்கன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீய?"

"தெரியும்னு சொன்னேன்."

நான் என் பக்கத்துப் பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டேன்.

"அதுக்கு அக்கா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல டீச்சர். எப்பிடித் தெரியும்னு மட்டும் கேட்டாங்க. தெனமும் அத கேட்டுத்தான் தூங்குதேன்னு சொன்னேன். டக்குன்னு போன வச்சுட்டாங்க."

அந்த நேரம் பார்த்து என் மடியில் போன் அடித்தது. அக்கா. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. சிரிப்பு அடங்கினால்தானே பேச முடியும்.